கருப்பசாமி முன்னால் இரண்டு பொட்டலம்

என் மகள் பவதாரணிக்கு அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி போடியில் ஒருவருக்குத் தெரியாமல் இருந்தால், அவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். ஏலக்காய்க் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். அரிசிக்கடையில் சொன்னேன். தேவாரம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா ராசிங்காபுரத்தில் இறங்கும்போது, "பேரு என்னான்னு சொன்னீக? பவதாரணியா? நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐதராபாத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். நாடு முழுக்கப் பரீட்சை வைத்து அறுபதே அறுபது பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஐந்து வருடம் இயற்பியல். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. படிப்பு ரொம்பக் கடுமை, வாரம் தவறாமல் பரீட்சை, நடுவில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளும் உண்டு என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். "கடுமையா இருந்தா இருக்கட்டும், எம் பிள்ள மட்டும் என்ன லேசுப்பட்டவளா" என்று அவர்கள் வாயை அடைத்தேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இடம் கிடைத்த பிள்ளைகளை முதலில் பத்து நாள் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். இருந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் சேருகிறேன் என்று அடுத்து வருகிற திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் போனில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இதைக் கேட்டபோதே எனக்கு எரிச்சலாக வந்தது. இடம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? பிடித்திருக்கிறதா என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எதற்குக் கேட்க வேண்டும்? பதினெட்டு வயதில் எனக்கு இந்த ஊரே பிடிக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து வியாழக்கிழமை பவதாரணி திரும்பி வந்தாள். மதியமே வந்திருக்க வேண்டியவள் சாயங்காலம்தான் வந்து இறங்கினாள்.

"ஏந்த்தா இவ்வளவு நேரம்?"

"மதுரையில பஸ்ச விட்டுட்டேன்."

"சரி, அங்க எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"சாப்பாடு?"

"நல்லாருந்துச்சு."

"வாத்தியாருங்க?"

"நல்லாருந்தாக."

மூன்று கேள்விக்கும் ஒரே பதில் சொல்கிற பிள்ளை இல்லை அவள். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது கேள்வி திருப்பிக் கேட்பாள். ஏழாவது படிக்கும்போதிருந்து மே மாத லீவுக்கு என்னோடு கம்பெனிக்கு வந்து உட்காருவாள். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரிப்பது எங்கள் வேலை. எட்டு மில்லிக் கண் வைத்த சல்லடையில் விழாமல் மேலே தங்குகிறதே, அதுதான் பெரிய காய், முதல் தரம். அதைவிடச் சின்னது ஏழு, அதற்கும் கீழே ஆறு. சல்லடைக்குத் தப்பிக் கலந்துபோனதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். இவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் உட்காருகிற வீரலட்சுமி இவள் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, எட்டு மில்லிக் காய்க் குவியலுக்குள் ஆறு மில்லிக் காய் பத்தைப் போட்டுக் கலக்கிவிட்டாள். இவள் பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அன்று முழுக்க அதே பேச்சு.

அதோடு விட்டாளா? "ஒரே செடி, ஒரே மழை, ஒரே சரம். அதுல ஒண்ணு எட்டாவும் ஒண்ணு ஆறாவும் ஏம்மா காய்க்குது?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? காய்க்கிறது, பொறுக்குகிறோம். அவள் தன் அப்பாவிடம் சொல்லி மலையிலிருந்து ஒரு முழுச் சரத்தைக் காயோடு கொண்டுவரச் செய்து, அடுப்படியில் பரப்பி வைத்து, ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதினாள். நான்கு நாள் எனக்குக் குழம்பு வைக்க இடமில்லை. நான்காவது நாள் சரத்தைத் தூக்கி வெளியே போட்டேன். அவள் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். அப்படிப்பட்டவள் இப்போது நல்லாருந்துச்சு என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் பாண்டியராஜ் ஜீப் ஓட்டுகிறார். விடிந்ததும் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குப் போய் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஹாரன் அடிக்கிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் ஊமை. அவரே வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தார்.

"முனீசு, பிள்ள மொகம் சரியில்ல. அந்த எடம் பிடிக்கலையோ என்னமோ."

"அவ சொன்னாளா உங்ககிட்ட?"

"சொல்லல."

"அப்பறம் என்ன? உங்களுக்கு மக பக்கத்துலயே இருக்கணும். மதுரையில சேத்துவிட்டா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துருவா, மடியில வச்சுக் கொஞ்சலாம்னு பாக்குறீக."

மதுரையில் ஒரு கல்லூரியிலும் இயற்பியலுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வைத்த விண்ணப்பம். அதை நான் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் முதலில் பேசுவது பாத்திரங்கள்தான். வெள்ளியும் சனியும் எங்கள் அடுப்படியில் அவை நிறையப் பேசின. பவதாரணி மேல் கோபமில்லை. பயம். பத்து வருடமாக அந்தப் பிள்ளை படிக்கிற படிப்பைப் பார்த்து எனக்குள்ளே ஒரு ஆசை வளர்ந்து கிடந்தது. என் மகள் மலைக்கு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், எங்கோ பெரிய இடத்தில், பெரிய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆசை கைக்கு எட்டிய நேரத்தில் அவள் முகம் வாடிக் கிடந்தது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

சனிக்கிழமை சாயங்காலம் இவர்தான் ஒரு வழி சொன்னார். "நீ ஒண்ணு சொல்ற, பிள்ள ஒண்ணுஞ் சொல்லல. பேசாம கருப்பசாமிகிட்ட பூக் கேட்டுருவோம்."

எங்கள் பக்கம் அது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, வெளியே தெரியாமல் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. அது சம்பந்தமாகக் கருப்பசாமியிடம் கேட்க எனக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன.

பவதாரணியிடம் கேட்டோம். "கேக்கலாம்" என்றாள். அவளுக்கு அது ஒரு விடுதலை போல இருந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பிலேயே போனோம். மலையடிவாரத்தில், புளியமரத்துக்கு அடியில் இருக்கிற சின்னக் கோயில் அது. பூசாரி காசிமாயன் கையை விரித்தார்.

"இன்னைக்கு முகூர்த்தம்ல ஆத்தா. ஊர்ப் பூவெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போயிருச்சு. சாமிக்கே இந்தச் செவந்தி மாலை ஒண்ணுதான்."

"அப்ப அடுத்த வாரம் வருவமா?" என்றார் இவர்.

"அடுத்த வாரம் வந்து யாருக்கு? நாளைக்குப் பன்னெண்டு மணியோட முடிஞ்சுச்சு" என்று நான் சீறினேன். பொங்கல் வைக்கக் கொண்டு போயிருந்த பையில் ஏலக்காய் இருந்தது. "போடியில பொறந்துட்டுப் பூவுக்கா நிக்கிறது? காய வச்சுக் கட்டுவோம். பெருசு வந்தா போகணும். சின்னது வந்தா வேணாம்."

காசிமாயன் யோசித்தார். "சாமிக்கு என்ன, ரெண்டும் அவரு மலையில வெளையுறதுதான். கட்டிக் கொண்டா, வெரசா" என்றார்.

நான் கோயிலுக்குப் பின்னால் போனேன். கட்டுகிறபோது யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. காலண்டர் தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். பையிலிருந்து நல்ல எட்டு மில்லிக் காய் ஒன்றை எடுத்து வைத்துக் கட்டினேன். அடுத்த தாளை விரித்து, சின்னக் காய் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

எனக்குக் கருப்பசாமி மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் கருப்பசாமி ஐதராபாத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. விவரம் தெரியாதவரிடம் யோசனை கேட்கிறபோது நாம்தான் கொஞ்சம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னக் காயைப் புல்லுக்குள் எறிந்தேன். இன்னொரு எட்டு மில்லிக் காயை எடுத்தேன். முதல் காய்க்கும் அதற்கும் மயிரளவு வித்தியாசம் கிடையாது. பொறுக்கியவள் நான்தானே. கட்டிக் கொண்டுவந்து சாமியின் காலடியில் போட்டேன்.

எடுப்பதற்குச் சின்னப் பிள்ளை எதுவும் அங்கே இல்லை. "யாருக்குக் கேக்குறமோ அவுகளே கண்ண மூடிக்கிட்டு எடுக்கட்டும்" என்றார் காசிமாயன். எனக்கு அதுவும் சரியாகப் பட்டது. அவள் கையாலேயே எடுத்துவிட்டால் பின்னால் ஒரு பேச்சு வராது.

பவதாரணி கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். இடது பக்கப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. எடுத்தாள். அவளுடைய கட்டைவிரல் அந்தத் தாளின் மேல் மெதுவாக ஒரு முறை உருண்டது.

அப்போதுதான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. பூசாரியை ஏமாற்றலாம். ஜீப் ஓட்டுகிற அவள் அப்பாவை ஏமாற்றலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எட்டுக் குவியலிலிருந்து ஆறைப் பொறுக்கி எடுத்த விரலிடம், காலண்டர் தாளுக்குள் காயை வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பூவாக இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

அவள் முதல் பொட்டலத்தை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். கட்டைவிரல் உருண்டது. நின்றது. திரும்ப ஒரு முறை உருண்டது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற ஆளைப் பார்ப்பது போல, ஐயோ பாவம் என்று பார்த்தாள்.

கையிலிருந்ததைப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார். "பெருசு. போயிட்டு வரச் சொல்லி உத்தரவாயிருச்சு" என்று திருநீறு எடுத்துப் பூசினார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டுவதுதான் முறை. காசிமாயன் அதற்காகக் குனிந்தார். அதற்குள் பவதாரணி அதை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் தாத்தா" என்றாள். "வந்ததுதான் வந்துருச்சே."

எல்லார் முன்னாலும் என் மானம் போகாமல் என் மகள் காப்பாற்றினாள்.

ஜீப்பில் வரும்போது முன்சீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து, ஐதராபாத் போக எந்த ரயில் நல்லது என்று பேசிக்கொண்டே வந்தாள். குளிருமா, போர்வை வேண்டுமா என்று அவர் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான் ஆசைப்பட்ட பேச்சு அதுதான். பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்; ஒரு வார்த்தைகூட இனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனேன். அன்று ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. இவர் ஜீப்பைக் கழுவப் போய்விட்டார். பவதாரணி கட்டிலில் உட்கார்ந்து, ஊருக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டிய சாமான்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அருகே போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொட்டலம் எங்க?"

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரிக்கவே இல்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

"தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"ரெண்டும் எட்டு" என்றாள். "நல்ல காயி. தேடி எடுத்திருக்க."

"தெரிஞ்சும் ஏந்த்தா போறேன்னு சொன்ன?"

அவள் பேனாவை மூடினாள். "நீ சாமிகிட்டயே ஏமாத்துற அளவுக்கு ஆசப்பட்டிருக்கம்மா. அதுக்கப்பறம் எப்படி வேணாம்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கோபத்தைப் பார்த்திருக்கிற அளவுக்கு என் அழுகையை அவள் பார்த்ததில்லை. பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "யம்மா, அழுவாத. நீ சொன்னா நெசமாவே போறேன். போயிப் படிச்சு முடிச்சுருவேன். என்னால முடியும்."

"நான் சொன்னா போயிருவ. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு, வியாழக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அங்க என்ன ஆச்சு? ஒளிக்காமச் சொல்லு. நடுவுல நான் கத்த மாட்டேன்."

"ஒண்ணும் ஆகலம்மா. எல்லாரும் நல்லவுகதான். காலையில ரெண்டு மணி நேரத்துல நாப்பது கணக்கு, மத்தியானம் நாப்பது. சாயங்காலம் யாரு எத்தனாவதுன்னு போர்டுல போட்ருவாக. கடைசி நாள் நான் மூணாவது."

"அறுபதுலயா?"

"அறுபதுல."

கத்த மாட்டேன் என்று சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. தெருவுக்கு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. "மூணாவது வந்தவ எதுக்குடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த?" என்றேன்.

"மூணாவது வந்ததாலதாம்மா. அம்பதாவது வந்திருந்தா, முடியாமத்தான் ஓடி வர்றமோன்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கும். வீம்புக்குன்னே போயிச் சேந்திருப்பேன். இப்ப முடியும்னு தெரிஞ்சுபோச்சு. முடிஞ்சும் பிடிக்கலன்னா என்ன செய்யிறது?"

அவள் பேசினாள். நாலு நாளாக உள்ளேயே வைத்திருந்தது அவ்வளவும் வந்தது.

"நாலாவது நாள் ஒரு கணக்கு. விடை சரியா வந்துருச்சு. ஆனா ஏன் அப்படி வருதுன்னு புரியல. சார்கிட்டப் போயிக் கேட்டேன். நல்ல சாரு, கோவிச்சுக்கல. 'விடை வந்துருச்சுல்ல, அடுத்ததப் போடு, இதெல்லாம் மூணாம் வருசம் வரும்'னாரு. அவரு சொன்னதுலயும் தப்பில்லம்மா, அங்க அந்த ஓட்டம் ஓடுனாத்தான் ஆகும். என் ரூம்ல ஒரு ஒடிசாப் பிள்ள இருந்துச்சு. நாப்பதையும் முடிச்சிட்டு இன்னும் பத்துக் குடுங்கன்னு போயி நிக்கும். அதுக்குன்னே கட்டின எடம் மாதிரி இருந்துச்சு. எனக்கு மொதக் கணக்குலயே உக்காந்துக்கிரணும் போல இருக்கும். எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுனேன். ஓடி மூணாவது வந்தேன். பத்து நாள்ல ஒரு நாள்கூட ஒரு கேள்வியோட தூங்கல."

அடுப்படியில் பரப்பிக் கிடந்த அந்தச் சரம் எனக்கு ஞாபகம் வந்தது.

"மதுரையில பஸ்ச விட்டேன்னு சொன்னேன்ல? அந்தக் காலேஜுக்குத்தான் போனேன். அருணா மேடம்னு ஒருத்தவுக லேப்ல இருந்தாக. உள்ள உக்காந்து பாக்கலாமான்னு கேட்டேன், உக்காருன்னாக. ஒரே ஒரு சோதனைதான். நூல்ல குண்டு கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவாகள்ல, அது. புத்தகத்துல இருக்குற கணக்குக்கும் அது ஆடுறதுக்கும் துளியூண்டு வித்தியாசம் வந்துச்சு. ஏன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டுட்டுப் போயிட்டாக. மணி அடிச்சும் யாரும் எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல. மூணு பஸ்ச விட்டுட்டேன்."

"கண்டுபிடிச்சீகளா?"

"இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது வியாழக்கிழமையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த முகம் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது. "இன்னும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

என் ஆசை அந்த நிமிடமே ஓடிப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரை யாராவது சொன்னால் என் காது அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் கண்டுபிடிக்கவில்லை என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவளைப் பத்து நாள் பார்த்திருந்த அந்தப் பெரிய இடத்துக்கு அவளுடைய மார்க் தெரிந்திருந்தது. பதினெட்டு வருடம் பார்த்த எனக்கு அவளையே தெரிந்திருக்க வேண்டாமா?

பொட்டலத்தைப் பிரித்தேன். காய் பச்சையாக, வெடிப்பில்லாமல் இருந்தது. பூசாரி பிரித்துக் கொடுத்த இன்னொரு காயை என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். இரண்டையும் கல்லில் வைத்துத் தட்டி டீயில் போட்டேன். இவர் ஜீப்பைக் கழுவிவிட்டு வந்து ஒரு வாய் குடித்தார்.

"என்ன இன்னைக்கு இப்படி மணக்குது?"

"சாமிக்கு வச்ச காயி. ரெண்டும் எட்டு" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு வளைவு திரும்புகிற நேரம் ஆனது. "ரெண்டுமா?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். "எல்லா உத்தரவையும் நீயே போட்டுக்க. அப்பறம் கருப்பசாமிக்கு அங்க என்ன சோலி?" என்று என்னைக் கேட்டார். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னைக் கேட்ட நியாயமான கேள்வி அது. நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

திங்கட்கிழமை காலையில், நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பவதாரணி போனை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அனுப்பட்டுமாம்மா?"

"எங்கிட்டக் கேக்காத. எங்கிட்டக் கேட்டா நான் பழையபடி பொட்டலம் கட்டிருவேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு வரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினாள். இடம் தந்ததற்கு நன்றி, சேரவில்லை, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தாள். பிறகு விரலால் தொட்டு அனுப்பினாள். நான் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

கம்பெனியில் நான் உட்காருவதற்கு முன்பே எல்லார் கையும் நின்றுவிட்டது. பூக் கேட்கப் போகிறோம் என்பதையும் நான்தான் சனிக்கிழமையே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தேனே.

"என்ன மதினி, எப்ப கெளம்புறா?" என்றாள் வீரலட்சுமி.

"மதுரைக்கு. அடுத்த வாரம்."

வீரலட்சுமிதான் மெதுவாகக் கேட்டாள். "கடுசா இருக்குன்னு பயந்துருச்சோ பிள்ள?"

எனக்கு வர வேண்டிய கோபம் சரியாக வந்தது. "மூணாவது வந்துட்டு, இது எனக்குச் சரிப்படலன்னு சொல்லிருக்கா. அறுபது பேருல மூணாவது. அந்தத் தைரியம் இங்க யாருக்குடி இருக்கு? எனக்கு இல்ல" என்றேன். பெண்கள் மறுபடி காயைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நானும் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீரலட்சுமி என் பக்கம் சாய்ந்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "சரி மதினி, சாமி என்னதான் சொல்லுச்சு?"

"நான் எங்கத்தா யாரையும் பேச விட்டேன்" என்றேன்.